சக்கை என்று சொன்ன பிள்ளை

ஜூலைக் கடைசியில் ஒரு சனிக்கிழமை சாயங்காலம், கன்னியாகுமரி மாவட்டம் மார்த்தாண்டத்தில் ஒரு சேவைச் சங்கத்தின் கூட்டத்தில் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். தலைப்பையும் அவர்களே கொடுத்துவிட்டார்கள்: சிறு குழந்தைகளும் வாசிப்பும். முப்பத்தொரு வருஷம் ஒன்றாம் வகுப்புக்கே பாடம் எடுத்து 2019இல் ஓய்வு பெற்றவள் நான். மேல் வகுப்புக்கு மாற்றித் தருகிறோம் என்று சொன்னபோதெல்லாம் வேண்டாம் என்று மறுத்திருக்கிறேன். அதனால் பேசுவதற்கு விஷயம் இருந்தது. ஆனாலும் தனியாகப் போக மனம் வரவில்லை. எங்கள் ஊர் அங்கன்வாடி டீச்சரையும் கூட்டிக்கொண்டு போனேன். அவருக்கு இப்படிப்பட்ட கூட்டம் அதுதான் முதல் தடவை. பஸ்ஸில் வரும்போதே, “நான் ஒண்ணும் பேசமாட்டேன் கேட்டேளா டீச்சர், சும்மா இருப்பேன்” என்று என்னிடம் உறுதி வாங்கிக்கொண்டார்.

அந்த அங்கன்வாடி குலசேகரம் பக்கம், ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே ஒரு மேட்டில் இருக்கிறது. ஊர்க்காரர்கள் வாயில் இன்றும் அது பால்வாடிதான். பதினெட்டுப் பிள்ளைகள். அப்பாமார் பலர் விடிவதற்கு முன்பே தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு ரப்பர் மரத்தில் பால்வெட்டுக்குப் போய்விடுவார்கள். அம்மாமாரில் பாதிப்பேர் அண்டி ஆபீசில் வேலை செய்கிறார்கள். முந்திரி ஆலையை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வது. பிள்ளைகளுக்கு முகம் கழுவி, தலை சீவி, கையைப் பிடித்து அழைத்து வந்து விடுவது பெரும்பாலும் பாட்டாவோ பாட்டியோதான். ஓய்வு பெற்ற பிறகு செவ்வாய்க்கிழமைகளில் நான் அங்கே போய்க் கொஞ்ச நேரம் இருந்துவிட்டு வருவது வழக்கம்.

அந்த அங்கன்வாடிச் சுவரில் அகர வரிசை எழுதி, ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு படம் வரைந்திருக்கிறது. முந்தின வருஷம் இதே சங்கம் வண்ணம் அடித்துக் கொடுத்தது. அழகான வேலை. ‘ப’வுக்குப் பக்கத்தில் மரத்தில் தொங்கும் பெரிய பலாப்பழம். நாலு வயசுப் பெண்பிள்ளை ஒருத்தி அதைத் தொட்டுக் காட்டி, “சக்கை!” என்று கத்தினாள். எங்கள் பக்கம் பலாவுக்கு அதுதான் பேர், அவள் வீட்டு முற்றத்திலேயே அந்த மரம் நிற்கிறது. பிறகு எழுத்தைத் தொட்டு, “இது ச” என்றாள். அவள் கணக்கு சரியானது. படத்தின் பெயர் எந்த ஒலியில் தொடங்குகிறதோ அதுதான் பக்கத்தில் இருக்கும் எழுத்து என்பது அவளுக்குப் பிடிபட்டிருக்கிறது. மூன்று நாலு வயசில் ஒரு பிள்ளை அந்த இடத்துக்கு வந்து சேர்வது பெரிய விஷயம்.

1988இல், நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம், ஒரு பையன் இதே போல ஒரு படத்தைப் பார்த்துச் சக்கை என்றான். நான், “தப்பு, பலான்னு சொல்லு” என்றேன். அவன் சொல்லவில்லை. அடுத்த படத்துக்கும் வாய் திறக்கவில்லை. ஆடிப் பெருமழை விட்டுப் பள்ளி திறந்த பிறகும் என் வகுப்பில் அவன் தானாக ஒரு சொல் பேசியதாக எனக்கு நினைவில்லை. அவன் அம்மையும் பாட்டியும் பேசுகிற சொல்லை, அவனுக்குத் தெரிந்த ஒரே சொல்லை, தப்பு என்று நாற்பது பிள்ளைகள் முன்னால் சொல்லியிருக்கிறேன். அந்த முகம் இன்றைக்கும் கண்ணில் நிற்கிறது.

எங்கள் மாவட்டத்தில் இது ஒரு சொல்லோடு நிற்கிற விஷயம் இல்லை. எலுமிச்சை எங்களுக்கு நாரங்காய். மரவள்ளி மரச்சீனி. பதநீர் அக்கானி. தாத்தா பாட்டா. விளவங்கோடு பக்கம் மேற்கே போகப் போக மலையாளம் கலந்து பேச்சின் ராகமே மாறிவிடும். 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்–கொச்சியோடு இருந்த மண் இது. வீட்டுப் பேச்சில் அந்த உறவு இன்னும் உயிரோடு இருக்கிறது. பிள்ளை வீட்டிலிருந்து கொண்டுவருகிற தமிழ் ஒன்று, புத்தகத்தில் இருக்கிற தமிழ் இன்னொன்று. தமிழ்நாட்டில் எந்த ஊர்ப் பிள்ளைக்கும் இந்த இடைவெளி உண்டு, எங்கள் பிள்ளைகளுக்குக் கொஞ்சம் கூடுதல். அந்த இடைவெளியைத் தாண்ட ஒரு பெரியவர் மடியில் உட்கார்த்தி, புத்தகத்தை விரித்து, “ஆமா மக்களே, சக்கைதான். புத்தகத்தில அதுக்குப் பலான்னு இன்னொரு பேரு எழுதியிருக்கு, பார்” என்று சொன்னால் போதும். பிள்ளையிடம் இரண்டு சொல்லும் இருக்கும்.

சரி, கூட்டத்துக்கு வருகிறேன்.

மேடை, பின்னால் பதாகை, தலைவர் கழுத்தில் சங்கத்தின் பதக்க மாலை. மணி அடித்துக் கூட்டத்தைத் தொடங்கினார்கள். தமிழ்த்தாய் வாழ்த்து, செயலாளர் அறிக்கை, அந்த வாரம் பிறந்தநாளும் திருமண நாளும் வந்தவர்களுக்கு வாழ்த்து, எங்கள் இருவருக்கும் பொன்னாடை. வரவேற்றவர், 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் கன்னியாகுமரி மாவட்டத்தின் எழுத்தறிவு 91.75 சதவீதம், மாநிலத்திலேயே முதலிடம் என்று பெருமையாகச் சொன்னார். எனக்கும் அந்தப் பெருமை உண்டு. 1806இல் மயிலாடிக்கு வந்து பள்ளிகள் தொடங்கிய மிஷனரி ரிங்கல்தௌபே காலத்திலிருந்து, 1817இல் மக்களின் கல்விச் செலவை அரசே ஏற்கும் என்று ஆணையிட்ட திருவிதாங்கூர் ராணி கௌரி பார்வதி பாய் காலத்திலிருந்து, எத்தனையோ பேர் விடாமல் உழைத்து வந்த எண் அது.

ஆனால் என் முறை வந்ததும் முதலில் அந்த எண்ணைப் பற்றித்தான் பேசினேன். கணக்கெடுப்பில் எழுத்தறிவு விகிதம் ஏழு வயதுக்கு மேற்பட்டவர்களை வைத்துத்தான் எடுக்கப்படுகிறது. ஆறு வயது வரை உள்ள பிள்ளைகள் அந்தக் கணக்கிலேயே வரமாட்டார்கள். இன்றைக்கு நாம் பேச வந்திருக்கும் பிள்ளைகளைப் பற்றி அந்த 91.75 ஒன்றும் சொல்லாது என்றேன். கூடவே இன்னொன்றும் சொன்னேன். கொரோனாவுக்குப் பிறகு 2022இல் ஏசர் (ASER) என்ற கல்வி ஆய்வு அமைப்பு நாடு முழுவதும் ஊர்ப்புறங்களில் வீடு வீடாகப் போய்ப் பிள்ளைகளை வாசிக்கச் சொல்லிப் பார்த்தது. தமிழ்நாட்டில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளில் இரண்டாம் வகுப்புப் பாடத்தைத் தடையில்லாமல் வாசித்தவர்கள் நூற்றுக்குப் பத்துப் பேர்கூட இல்லை. அது நம் மாவட்டத்துக்கு மட்டுமான கணக்கு இல்லைதான். ஆனாலும் அந்தப் பிள்ளைகளை நான் நேரில் பார்த்திருக்கிறேன்.

அரசும் சும்மா இருக்கவில்லை. 2021இல், தன்னார்வலர்கள் மாலையில் பிள்ளைகளுக்குச் சொல்லித்தரும் இல்லம் தேடிக் கல்வித் திட்டம் வந்தது, 2022 ஜூனில், சிறு வகுப்புகளுக்கு வாசிப்பும் கணக்கும் சொல்லித்தரும் எண்ணும் எழுத்தும் திட்டம் வந்தது. இரண்டிலும் நல்ல வேலை நடந்ததைப் பார்த்தவள் நான். ஆனால் எண்ணும் எழுத்தும் ஒன்றாம் வகுப்பில் தொடங்குகிறது. பிள்ளை அங்கே வந்து சேரும்போதே ஒரு பிள்ளைக்கும் இன்னொரு பிள்ளைக்கும் இடையில் பெரிய பள்ளம் விழுந்திருக்கிறது.

அந்தப் பள்ளம் எப்படி விழுகிறது என்று விளக்க மேடையில் இருந்த வெள்ளைப் பலகையில் ‘கொடி’ என்று எழுதினேன். கண்ணுக்கு முதலில் தெரிவது ஒற்றைக்கொம்பு, அப்புறம் ககரம், அப்புறம் துணைக்கால். வாய்க்கோ முதலில் க், பிறகுதான் ஒ. எழுத்தின் வரிசை ஒன்று, ஒலியின் வரிசை வேறு. கெ, கே, கை, கொ, கோ, கௌ எல்லாவற்றிலும் இந்தக் குழப்பம் உண்டு. 12 உயிர், 18 மெய், 216 உயிர்மெய், ஓர் ஆய்தம் என்று 247 எழுத்தையும் மனப்பாடமாக ஒப்பிக்கிற பிள்ளைகூட ‘கொடி’ முன்னால் நின்றுவிடும். (நான் படித்த காலத்தில் லை, ணை, னை எல்லாம் யானைத் தும்பிக்கை போல மேலே வளைந்திருக்கும். 1978இல்தான் அதை மாற்றினார்கள். என் கைக்கு அந்த வளைவு இன்னும் மறக்கவில்லை.)

இந்தக் குழப்பத்தைச் சில பிள்ளைகள் ஒரே வாரத்தில் தாண்டிவிடும். முப்பத்தொரு வருஷமும் அந்தப் பிள்ளைகளைக் கவனித்திருக்கிறேன். வீட்டில் யாரோ கதை சொல்லியிருப்பார்கள், ஏதாவது வாசித்துக் காட்டியிருப்பார்கள். ‘தேசியக்...’ வரைக்கும் வாசித்ததுமே அடுத்து வருவது ‘கொடி’ என்று அந்தப் பிள்ளையின் காதுக்குத் தெரிந்துவிடும். காது முன்னால் ஓடும், கண் பின்னால் போய்ச் சரிபார்த்துக்கொள்ளும். காதில் அந்தச் சொற்கள் விழாத பிள்ளைக்குக் கண் மட்டும்தான் துணை. அது ஒவ்வொரு கொம்பிலும் இடறும். பிள்ளையின் அறிவுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. ஒன்றாம் வகுப்பிலேயே ‘மந்தம்’ என்று பெயர் வாங்கிய பிள்ளைகளை நினைத்தால் எனக்கு ஆற்றாமையாக இருக்கும்.

பேசி முடித்ததும் கேள்வி நேரம். தலைவர் கட்டுமானப் பொருள் கடை வைத்திருப்பவர், நல்ல மனசுக்காரர். அங்கன்வாடி டீச்சரைப் பார்த்து, “உங்க சென்டருக்கு என்ன வேணும்னு சொல்லுங்கம்மா, இந்த வருஷமே செஞ்சிடலாம்” என்றார். பக்கத்தில் செயலாளர் பேனாவைத் திறந்து வைத்திருந்தார். ஃபேன், நாற்காலி, குடிநீர் வடிகட்டி என்று ஏதாவது வரும் என்று எல்லாரும் நினைத்தார்கள். நானும்தான்.

டீச்சர் எழுந்து நின்று கொஞ்ச நேரம் பேசவே இல்லை. பிறகு சொன்னார்:

“சார், போன வருஷம் நீங்க தந்த புஸ்தகம் எல்லாம் அலமாரில பூட்டி வச்சிருக்கேன். கோவிச்சுக்கிடாதீங்க. அதெல்லாம் இருப்புப் பதிவேட்டுல ஏத்தியாச்சு. கிழிஞ்சா நான்தான் பதில் சொல்லணும். பிள்ளைக கையில குடுத்தா கிழியாம இருக்குமா?”

கூடத்தில் ஒரு சத்தமும் இல்லை. அவர் தொடர்ந்தார்.

“பொருளு ஒண்ணும் வேண்டாம் சார். வாரத்துல ஒரு நாள் யாராவது வந்து அரை மணி நேரம் பிள்ளைகளுக்குக் கதை வாசிச்சுக் குடுங்க. அந்த நேரத்துல நான் போன்ல பதிவைப் போட்டு முடிச்சுக்கிடுவேன்.”

அங்கன்வாடி டீச்சரின் நாள் எப்படிப் போகும் என்று வெளியே பலருக்குத் தெரியாது. 1975 அக்டோபர் 2இல் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் தொடங்கியபோதே ஊட்டச்சத்து, தடுப்பூசி, உடல்நலம், முன்பருவக் கல்வி எல்லாம் ஒரே கூரையின் கீழ் வந்தன. இன்று தமிழ்நாட்டில் சுமார் 54 ஆயிரம் மையங்கள் இருக்கின்றன. பெரும்பாலான மையங்களில் ஒரு டீச்சர், ஓர் உதவியாளர். எடை எடுக்க வேண்டும், உயரம் பார்க்க வேண்டும், சத்துமாவு கொடுக்க வேண்டும், கர்ப்பிணிகள் வீட்டுக்குப் போக வேண்டும், சாப்பாட்டையும் முட்டையையும் கவனிக்க வேண்டும், எல்லாவற்றையும் போஷன் டிராக்கர் செயலியில் ஏற்ற வேண்டும். மேட்டில் சிக்னல் கிடைக்காமல் அவர் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வாசலில் நிற்பதை நானே எத்தனையோ நாள் பார்த்திருக்கிறேன். கதை வாசிக்க அவருக்குத் தெரியாமல் இல்லை. நேரம்தான் இல்லை.

அதன் பிறகு நடந்த பேச்சு எனக்கு மிகவும் பிடித்திருந்தது. ஒருவர், ஆள் வைத்துச் சம்பளம் கொடுத்துவிடலாம் என்றார். இன்னொருவர் டிவி வாங்கிப் போட்டுக் கதை வீடியோ ஓடவிடலாம் என்றார். டிவி வேண்டாம் என்று நான் கொஞ்சம் உரக்கவே சொல்லிவிட்டேன். டிவி பிள்ளையிடம் எதையும் கேட்காது. “சக்கை” என்று பிள்ளை சொன்னால் அதற்குக் காது கிடையாது.

முன் வரிசையில் இருந்த வயதான டாக்டரம்மா எழுந்தார். போலியோ சொட்டு மருந்து முகாம்களில் சங்கத்தோடு சேர்ந்து ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமையாக நின்றவர். உலகெங்கும் கிளைகள் உள்ள ரோட்டரி சங்கம் 1985இல் போலியோ ஒழிப்பைக் கையில் எடுத்தது. இந்தியாவில் இயற்கையான போலியோ கிருமியால் பாதிக்கப்பட்ட கடைசி நோயாளி கண்டறியப்பட்டது 2011 ஜனவரியில். நாடு போலியோ இல்லாதது என்று 2014 மார்ச்சில்தான் சான்று கிடைத்தது. இதையெல்லாம் சொல்லிவிட்டுக் கேட்டார்: “அத்தனை வருஷத்தில எத்தனை தலைவர்கள் மாறியிருப்பாங்க? யாராவது, இது போன தலைவரோட புராஜெக்ட், நான் புதுசா ஒண்ணு செய்யணும்னு விட்டாங்களா?”

அவர் கைவைத்தது சரியான இடம். ரோட்டரியோ லயன்ஸோ, ஜூலை 1இல் புதுத் தலைவர் வருவார். அடுத்த ஜூன் 30இல் அவர் காலம் முடிந்துவிடும். ஒவ்வொருவருக்கும் தன் வருஷத்தில் ஒரு நல்ல காரியம் செய்து காட்ட ஆசை இருக்கும், அதில் தப்பில்லை. ரோட்டரியின் ஏழு முக்கியப் பணிகளில் அடிப்படைக் கல்வியும் எழுத்தறிவும் ஒன்று. அதற்கென்று செப்டம்பர் மாதத்தையே ஒதுக்கியிருக்கிறார்கள். ஆனால் ஒரு பிள்ளை மூன்று வயதில் கதை கேட்கத் தொடங்கி எட்டு வயதில் தானாகச் சரளமாக வாசிக்க ஐந்து வருஷம் வேண்டும். அதற்குள் ஐந்து தலைவர்கள் வந்து போய்விடுவார்கள். சுவரில் அடித்த வண்ணம் ஒரு தலைவருடையது, பூட்டிய அலமாரி இன்னொருவருடையது, பிள்ளை மட்டும் அதே பிள்ளை. விஜயதசமிக்கு அரிசியில் விரல் பிடித்து எழுத வைக்கிறோம். அது அருமையான சடங்கு, எனக்கும் என் பேரனுக்கும் அப்படித்தான் ஏடு தொடங்கியது. மறுநாள் காலையில் அந்த விரலைப் பிடிக்க யார் இருக்கிறார்கள் என்பதில்தான் மிச்சம் எல்லாம் இருக்கிறது.

ராத்திரி சாப்பாடு ஆறிக்கொண்டிருந்தது. யாரும் எழவில்லை. கடைசியில் மினிட்ஸ் நோட்டில் மூன்று முடிவுகளை எழுதினார்கள். வியாழக்கிழமை தோறும் காலை பத்தரை மணிக்கு ஒரு உறுப்பினர் அங்கன்வாடிக்குப் போய் அரை மணி நேரம் வாசிக்க வேண்டும். இனிமேல் கொடுக்கும் புத்தகங்களைச் சங்கத்தின் சொந்தப் புத்தகமாகவே வைத்துக்கொண்டு பிள்ளைகளிடம் விடுவது, கிழிந்தால் சங்கமே மாற்றித் தருவது. மூன்றாவது, ஐந்து வருஷத்துக்கு இதை நிறுத்தக் கூடாது. அடுத்த வருஷம் தலைவராக வரப்போகிறவரும் அதற்கடுத்தவரும் மேடைக்கு வந்து கையெழுத்துப் போட்டார்கள். டீச்சர் என் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் கை சில்லென்று இருந்தது.

முதல் வியாழக்கிழமை தலைவரே வந்தார். நானும் போயிருந்தேன். யானைக்குட்டி ஆற்றுக்குக் குளிக்கப் போகும் கதை. முதல் இரண்டு பக்கத்தை மேடையில் பேசுவது போல வாசித்தார். பிள்ளைகள் ஆளுக்கொரு பக்கம் பார்த்தார்கள். மூன்றாம் பக்கத்தில் ஒரு பிள்ளை எழுந்து வந்து அவர் மடியில் கையை ஊன்றி, “யானை சோப்பு போடுமா?” என்று கேட்டது. அவர் புத்தகத்தை மடக்கி யோசித்தார். “நீ போட்டு விடுவியா?” என்றார். அப்புறம் பதினைந்து நிமிஷம் அந்தப் பக்கத்தை யாரும் திருப்பவில்லை. வாசிப்பு அன்றைக்குத்தான் தொடங்கியது என்று நினைத்துக்கொண்டேன். அடுத்த வாரம் வந்தவர் வேறு புத்தகம் கொண்டுவந்திருந்தார். பிள்ளைகள் யானைக்குட்டிதான் வேண்டும் என்று அடம்பிடித்தார்கள். வாசிக்க வருகிறவர்களிடம் இதை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்: பத்துத் தடவை கேட்டாலும் அதே கதையை வாசியுங்கள். முதல் தடவை கதை காதில் விழும், நாலாவது தடவை சொல் விழும், அதற்குப் பிறகுதான் கண் எழுத்துப் பக்கம் திரும்பும். நடுவில், இது என்ன எழுத்து என்று பரீட்சை வைக்காதீர்கள்.

போன மாதம் ஒரு வியாழக்கிழமை என் முறை. பால்வெட்டு முடித்துவிட்டு மகனைப் பார்க்க வந்த ஒரு அப்பா வாசலிலேயே நின்றார். சட்டையில் ரப்பர் பால் காய்ந்து கறுத்திருந்தது. உள்ளே வந்து ஒரு கதை வாசியுங்கள் என்று கூப்பிட்டேன். “எனக்கு வாசிப்பு அவ்வளவா வராது டீச்சரே” என்று பின்னால் நகர்ந்தார். சரி, வாசிக்க வேண்டாம், இன்றைக்குக் காலையில் தோட்டத்தில் பார்த்த எதையாவது சொல்லுங்கள் என்றேன். அவர் தரையில் உட்கார்ந்து மெதுவாகத் தொடங்கினார். விடியற்காலம் மூன்று மணி, நல்ல இருட்டு, தலைவிளக்கு வெளிச்சத்தில் ஒரு முள்ளம்பன்றி. அது முள்ளைச் சிலிர்த்துக்கொண்டு நின்றது, இவர் கத்தியோடு நின்றார், இரண்டு பேரும் அசையவில்லை. பதினெட்டுப் பிள்ளைகளும் மூச்சு விடாமல் கேட்டார்கள்.

அவர் சொல்லச் சொல்ல நான் ஒரு சார்ட் அட்டையில் பெரிய எழுத்தில் எழுதினேன். அவர் சொன்னபடியே, அவர் சொல்லிலேயே. அட்டையைச் சுவரில் மாட்டி, விரல் வைத்து வாசித்துக் காட்டினேன்: “விடியக்காலம் மூணு மணிக்கு அப்பா ஒரு முள்ளம்பன்னியைப் பார்த்தார்.” அவர் மகன் எழுந்து வந்து ஒரு சொல்லைத் தொட்டு, இது யார் என்று கேட்டான். அப்பா என்றேன். உடனே கீழே இருக்கிற வரிகளில் தேட ஆரம்பித்தான். இன்னொரு அப்பா, இன்னும் ஒரு அப்பா. அவ்வளவுதான், மூன்று என்று நான் சொன்னேன். அவன் தலையை ஆட்டிவிட்டுக் குனிந்து கடைசி வரிக்குப் போனான். ஓரத்தில் இடமில்லாமல் நான் நெருக்கி எழுதியிருந்த நாலாவது அப்பாவின் மேல் விரலை வைத்தான்.